பூமித்தாய்க்கு ஊற்றிய சாராயம்

அம்மாவுக்கு இலாரியோன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எல்லைக்கு இந்தப் பக்கம், கலாமாவில் நான் சுகமாகவே இருக்கிறேன்.

போன வாரம் பட்டறையில் ஒரு சின்னச் சங்கதி. ஒரு லாரியின் பவர் ஸ்டீயரிங் எண்ணெயில் காற்று புகுந்திருந்தது. அந்த லாரியில் பிரேக்குக்கும் அதே எண்ணெய்தான் அழுத்தம் தரும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடித்து ஒடித்துக் காற்றை வெளியேற்றினேன். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் இருந்து செய்கிற வேலை. நான் தனியாக ஏறி இறங்கினேன். முடித்ததும், நீங்கள் கொடுத்தனுப்பிய சாராயத்தை நம் வழக்கப்படி பூமித்தாய்க்குப் படையலாக டயர்களில் ஊற்றினேன்.

"எண்ணெயில நுரை அடங்கல முதலாளி, ஒரு மணி நேரம் பொறுங்க," என்றேன்.

"பொலிவியாக்காரனுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு மணி நேரம்," என்று சொல்லி லாரியை ஓட்டிப்போனார் முதலாளி ஓஸ்வால்டோ. பிரேக் மிதி கல்லாய் இறுகிப் பிடிக்காமல், லாரி வாசல் கேட்டில் மோதியது. யாருக்கும் அடியில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தவருக்கு டயரில் சாராய வாடை அடித்தது.

"குடிச்சிட்டு வேல பாத்திருக்கான். இவன வெளிய அனுப்புங்கடா," என்றார்.

நான் ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை. வேறு பட்டறை தேடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். சாராயம் வேண்டாம். தபால்காரர் காத்திருக்கிறார். அடுத்த முறை நீங்கள் பூமித்தாய்க்கு ஊற்றும்போது, குடித்தது தான்தான் என்று அவளையே ஓஸ்வால்டோவிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
இலாரியோன்