பூஜையில் வைத்த போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

புதுச்சேரியிலிருந்து இசக்கி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான். போனை எடுக்கவில்லையே என்று பதறியிருப்பாய்.

இன்று ஆயுத பூஜை. சாப்பாடு டெலிவரி செய்கிறவனுக்குப் பைக்கும் போனும்தானே ஆயுதம்? காலையில் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, போனைச் சரஸ்வதி படத்தடியில் வைத்துவிட்டேன். உன்னைக் கூப்பிடவில்லையே என்று அதன்பிறகுதான் உறைத்தது. நீ வளர்த்த பிள்ளை, நாளைக் காலை வரை தொடுவேனா?

கீழ்வீட்டு சேசுராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எங்க சாமி ஞாயித்துக்கெழம மனுஷனுக்கு லீவு உட்டாரு. உங்க சாமி செல்லுக்கு உடுறாரா?”

“செல்லுக்கு விட்டாத்தாம்ல எனக்கு லீவு” என்றேன்.

அவன் போனில் கூப்பிடலாமென்றால், உன் நம்பர் பூஜையில் இருக்கிறது. வீட்டு முகவரிதான் மனப்பாடம். அதனால் இந்தக் கடிதம். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பும்போது, நம்பரை உன் கையால் ஒரு தாளில் எழுதி வை. சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

இதோ, பூவுக்குள் போன் அடிக்கிறது. நீதான். சேசுராஜை எடுக்கச் சொன்னால், “சாமிகிட்ட வச்சத நான் தொட மாட்டன்பா” என்கிறான்.

உன் தையல் மிஷினும் இன்று பொட்டு வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நீ மட்டும் பொங்கல், சுண்டல் எல்லாம் முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருப்பாய். அடுத்த வருஷம் கரண்டியையும் பூஜையில் வைத்துவிடு அம்மா. சாப்பாட்டோடு நான் பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

உன் மகன்,
இசக்கி