தண்ணீர் வரைந்த மடிப்பு

4 பிப்ரவரி 1974, திங்கள்
வெயில் இப்போதே ஏறிவிட்டது. பள்ளிக்கு லீவு. கம்பைநல்லூரிலிருந்து நடை, புளியம்பள்ளம் வரை. அங்கே அணை வரும் என்று பேச்சு, முடிவாகவில்லை. அணை ஆபீசுக்கு அந்தப் பள்ளம் முழுவதும் படமாக வேண்டுமாம். டிராயிங் மாஸ்டர் நான்தானே.
ஸ்கெட்ச் புக்கின் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஓரத்தில் தாள்கள் ஒட்டி, மடித்து விரிக்கிற மாதிரி செய்தேன். பாறை மேல் உட்கார்ந்து பென்சில் வேலை.
அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் இது. களி கொண்டுவந்தாள். "வூடு, கோயிலு ஒண்ணு வுடாம போடு தம்பி. பெரியவங்க பாத்தா மனசு எறங்குவாங்க."
போடுகிறேன் என்றேன்.

6, புதன்
கலர். மலை, ராகிக் கொல்லை, ஓட்டு வீடுகள். மாதா கோயில் சுவருக்கு வெள்ளைத் தாளையே விட்டுவிட்டேன். ஊரே பின்னால் நிற்கிறது. "எங்க மாட்டுக்கொட்டாய் எங்கீங்க?" அதையும் போட்டேன்.
நான் வரைந்ததில் இதுதான் சிறந்தது.

8, வெள்ளி
அரூர், அணை ஆபீஸ். பஸ்ஸில் நின்றுகொண்டே. தலைவலி.
இன்ஜினியர் மடிப்புகளை விரித்து வெகுநேரம் பார்த்தார்.
"நல்லா இருக்குதுங்க மாஸ்டர். இன்னொரு தாள் ஒட்டுங்க. அத மேல மடிச்சுப் போட்டா பள்ளம் பூரா தண்ணி நிக்கணும். வர்ற பெரிய ஆபீசர் அவரு கையாலயே மூடிப் பாக்கட்டும்."
"அதுல எங்க அக்கா வூடு இருக்குதுங்க சார்."
"தெரியும். அதனாலதான் வூடெல்லாம் இவ்வளவு நல்லா வந்திருக்குது."
முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் வேலை இன்னும் தற்காலிகம். அதை நிரந்தரம் ஆக்கச் சொல்லி எழுதுவதாக அவரே சொன்னார்.

9, சனி
நீலம் கரைத்தேன். வீடுகளுக்கு ஆன நேரத்தில் கால் பங்குகூட ஆகவில்லை. தண்ணீர் அவ்வளவு சுலபம்.

12, செவ்வாய்
புளியம்பள்ளத்தில் பந்தல். பெரிய ஆபீசர் மடிப்பை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். சிரிப்பு, கைதட்டல். ஊர்க்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். மாமா, அதாவது அக்கா புருஷன், அணை வேண்டாம் என்ற மனுவோடு நின்றார். யாரும் வாங்கவில்லை.
"படத்துலயே தண்ணி வுட்டாச்சு, இனி மனு எதுக்கு" என்று யாரோ.
சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. எப்போதும் என்னை மச்சான் என்பவர் மாமா. இன்று அக்காவிடம், "மாஸ்டருக்குச் சோறு போடு" என்றார்.
அக்கா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.