தோல் ஊசியில் தைத்த வார்

அன்பு மகன் இன்பராஜுக்கு, அம்மா ஆம்பூரிலிருந்து எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம். நீ தரையிலும் செல்போன் டவர் மேலேயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் தைத்து அனுப்பும் உன் சாமான் பைக்குள்ளேயே இந்தத் தாளை வைக்கிறேன்.

"பை வார் கொஞ்சம் விட்டுடுச்சும்மா, தச்சு அனுப்பு" என்றாய். கொஞ்சமா? எண்பது அடியிலிருந்து பதினெட்டு கிலோ சாமானோடு பை விழுந்தது, உன்னோடு வேலை செய்யும் தானிஷ் அந்த நேரம் டீக்கு நகர்ந்ததால் தப்பித்தான். அவனே போன் செய்து சொன்னான். உன் அப்பா மாதிரியே உனக்கும் பொய் சொல்ல வரவில்லை.

உன்னைத் திட்டிக்கொண்டேதான் கடைத்தெருவில் பை தைக்கும் ரஷீத் அஹமது பாயிடம் போனேன். அவர் வாரை வெளிச்சத்தில் பிடித்து, இதற்கு முன்னால் யார் தைத்தது என்று கேட்டார். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது டீ நேரத்தில் எங்கள் ஷூ கம்பெனி மிஷினில் நான்தான் தைத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். "இன்னாம்மா, பையன் முதுகுல மாட்டறதுக்கு ஷூ தச்சியா?" என்று சிரித்தார். தோல் ஊசியின் முனை கத்தி மாதிரி, வெட்டிக்கொண்டே போகும். நைலான் வாரில் ஓட்டினால் ஒவ்வொரு தையலும் இழையை அறுத்துவிடும். நான் தைத்த வரிசையிலேயே கிழிந்திருந்தது. இருபத்திரண்டு வருஷம் தோல் தைத்த திமிர். திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மீதிப் பாதி, பிய்ந்து வருவது தெரிந்தும் மாட்டிக்கொண்டு ஏறினாயே, அதற்கு.

இப்போது புது வார், துணி ஊசியில் கட்டம் போட்டு நடுவே பெருக்கல் குறியாகத் தையல். பிளாஸ்டிக் பக்கிளை எடுத்துவிட்டு இரும்பில் போட்டாயிற்று. வார் முனையை ஒரு முறை நுழைத்து விட்டுவிடாதே, திருப்பி இன்னொரு முறை நுழைத்து இழு. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைப் போட்டு இரண்டு நாள் உத்தரத்தில் தொங்கவிட்டேன், உன் அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. எங்கள் கம்பெனியில் ஊசி முனை உடைந்தால் துண்டு கிடைக்கும்வரை லைனை நிறுத்தித் தேடுவார்கள், வெளிநாட்டுக்காரன் காலில் குத்திவிடக் கூடாதாம். டவர் ஏறுகிறவன் பையை மட்டும் ஒருத்தனும் தொட்டுப் பார்ப்பதில்லை.

உன் கவனக்குறைவால் விழுந்தது என்று இருபதாம் தேதிக்குள் காண்ட்ராக்டர் உன்னை எழுதித் தரச் சொல்கிறானாமே, அதையும் தானிஷ்தான் சொன்னான். எழுதிக் கொடுத்தால் தொல்லை விட்டது என்று நினைக்கிற ஆள் நீ. நாளைக்கு யார் தலையில் எது விழுந்தாலும் அந்தத் தாளை நீட்டுவான். என் அம்மா தைத்த தையல் என்று எழுது, என் பெயரையும் போடு. அதற்குக் கீழே, வேலைக்குப் பை நீங்கள் தரவில்லை, நானே வாங்கினேன் என்றும் எழுது. இரண்டும் உண்மை. வேலையை விட்டு அனுப்பினால் வீட்டுக்கு வா, சோறு உண்டு, மூன்று வேளையும் என் வாயையும் கேட்க வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்.

பையில் இருக்கும் மக்கன் பேடா தானிஷுக்கு, நீ தின்றுவிடாதே. அவன் அம்மா ரஃபத் ஜஹான் என் பக்கத்து மிஷினில்தான் உட்காருகிறாள். நாலு நாளாக அவள் முகத்தைப் பார்க்காமல் தைக்கிறேன். என் தையல்தான் விட்டது என்று நாளைக்குச் சொல்லிவிடுவேன். என் தப்பை நான் சொல்லிக்கொள்கிறேன், அதை உன் தப்பு என்று நீ எழுதிக் கொடுக்காதே.

ஆண்டவர் உன் கைக்கும் காலுக்கும் பிடிமானம் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா அமிர்தவள்ளி