ஒற்றைத் தண்டைச் சிறுமி

நலம் ஓங்குக. நீர் வற்றா ஏரிகளும் நெறி வழுவா மன்றங்களும் உடைய வெண்குன்ற நாட்டின் முடியுடை அரசி, மூவாற்றுத் தலைவி உலகமாதேவி எழுதுவித்த ஓலை. எம் தமையன் மகனும் கீழைத்துறைக் காவலருமாகிய ஆதன் கிள்ளி காண்க. நும் துறையில் மரக்கலங்கள் நலமே அணைக. நும் குடிகள் பசியும் பிணியும் அறியாதிருக்க. இவ்வாழ்த்தோடு எம் இன்சொல் முடிந்தது.

கேட்ட மாத்திரத்தில் படம் எழுதும் பொறி ஒன்றை நும் துறை வணிகர் விடங்கர் வைத்திருப்பதும், அதனைப் பழக்க நம் சித்திர மாடத்துச் சுவர்களையெல்லாம் நீர் திறந்துவிட்டதும், அவற்றை எழுதிய ஓவியர் ஒருவரையேனும் ஒரு வார்த்தை கேளாததும் அறிந்தோம். அதையும் பொறுத்திருப்போம். அப்பொறி தரும் படங்களுக்கெல்லாம் விடங்கரே உரியவர் என்று நீர் பட்டயம் கொடுத்தீர் என்றும், அதைக் காட்டி அவர் ஓவியர் நல்லமங்கையாரின் தூரிகையைத் தடுத்தார் என்றும் கேட்டபின் எம் பொறுமை முடிந்தது.

நம் நாட்டு ஓவியர் சுவரில் தம் பெயரை எழுதுவதில்லை. மூலையில் தமக்கே உரிய சிற்றுருவம் ஒன்றை வைப்பர், அதுவே அவர் கையொப்பம் என்பதை மறந்தீரோ? நல்லமங்கையார் எழுதும் படந்தோறும் ஒரு காலில் மட்டும் தண்டை அணிந்த சிறுமி நிற்பாள். பொறியோ இன்னதென்று அறியாமல் அவளையும் தன் படங்களில் வைத்தது. பட்டயம் பெற்ற உருவத்தை அவ்வம்மையார் களவாடுகிறார் என்று விடங்கர் வழக்குரைக்க, நீரும் தலையாட்டி, இனி அச்சிறுமியை அவர் எழுதலாகாது என்று தீர்ப்புச் சொன்னீராம். பறிகொடுத்தவரைக் கட்டிவைத்துப் பறித்தவருக்கு மாலையிட்டீர். நுமக்கு வெட்கமில்லையா?

இருவரையும் எம் அவைக்கு அழைத்து, சிறுமியின் மற்றைத் தண்டை எங்கே என்று மட்டும் வினவினோம். பொறியைக் கேட்டுச் சொல்வதாக உரைத்த விடங்கர், அது எழுதிய புதுப்படம் ஒன்றை நீட்டினார். அதிலும் ஒற்றைத் தண்டையே இருந்தது. நல்லமங்கையார் தம் மடியிலிருந்து ஒரு சிறு தண்டையை எடுத்து வைத்தார். ஆற்று வெள்ளம் கொண்டுபோன மகளின் காலிலிருந்து கழன்று, கரையில் கிடைத்தது அது ஒன்றே என்று உடன் வந்தோர் கூறினர். யாம் அவையென்றும் பாராமல் அழுதோம்.

ஆகவே ஆணையிடுகிறோம். மனிதர் கை எழுதாத படத்துக்கு உரிமை கொண்டாடுவார் எவரும் இலர். விடங்கரின் பட்டயம் அழிக. அச்சிறுமியைத் தாங்கிய பொறிப்படங்கள் சந்தையினின்று மீட்கப்படுக. எழுதியவர் இசைவின்றிச் சித்திர மாடம் இனி எப்பொறிக்கும் திறவாதிருக்க. நீரே நல்லமங்கையாரின் வாயிலுக்குச் சென்று, நின்றபடி இவ்வோலையைப் படித்துக் காட்டுக.

கண்ட பொழுதே இருக்கையினின்று எழுந்து இதனைச் செய்க. எம் முத்திரை கீழே உள்ளது. அதன் அருகில், எம் வேண்டுகோளுக்கு இணங்கி, அச்சிறுமியும் நிற்கிறாள். எழுதியவர் அவள் தாய்.