இதே குரலில் அடுத்தது

2025 ஆகஸ்ட் 9, சனி. மந்தைவெளி

காலையில் மூன்று பழைய இதழ்களை ஸ்கேன் செய்தேன். தொண்ணூறுகளில் யாரோ கையால் எழுதி, ஜெராக்ஸ் போட்டு, நம்பிக்கையானவர்களுக்குள் சுற்றுக்கு விட்டவை. ஒரு பக்கத்தில் ஒருத்தர், ‘என்னைப் போல இந்த ஊரில் வேறு யாராவது உண்டா?’ என்று கேட்டிருக்கிறார். உண்டு சார், தடுக்கி விழுந்தால் உண்டு. பாவம், அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

‘பக்கத்து இருக்கை’ – எங்கள் நூலகம். கட்டடம் கிடையாது, கட்டணம் கிடையாது, இணையத்தில் மட்டும். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், தனக்கு என்ன பெயர் என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கேட்கலாம். பகலில் ஈக்காட்டுத்தாங்கலில் மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் இதற்குத்தான். ஏஞ்சல் இதை ‘என் சக்களத்தி’ என்கிறாள். ஆறு வருடமாகக் கூட வாழ்கிறவள், சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டுக்காரருக்குத்தான் நாங்கள் சித்தி மகள், பெரியம்மா மகள்.

இன்று முடித்த வேலையைப் பற்றி எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். எங்கள் வாசகர்கள் பலருக்குத் தனி அறை இல்லை. அதனால் தளத்தின் மேலே ‘அடுப்பு’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். யாராவது வந்தால் அழுத்தினால் போதும், பக்கம் சமையல் பக்கமாகிவிடும். ஆனால் ஒலிக்கதை கேட்கிறவர்கள்? அம்மாவோ அண்ணனோ வந்து காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டால்? திடீரென்று குரல் மாறினால் சந்தேகம் வரும், அதனால் கதை படித்த அதே குரலிலேயே சமையல் குறிப்பும் ஓடவேண்டும் என்று முடிவு செய்தேன். கயலை உட்காரவைத்துப் பத்துக் குறிப்பு படிக்கவைத்தேன்.

கயல் பாலவாக்கத்துப் பெண். வயது இருபத்து நான்கு. மொபைல் கடையில் பில் போடுகிறாள், எங்களுக்கு ‘பவளம்’ என்ற பெயரில் கதை படிக்கிறாள். வசந்தா, ரீட்டா என்று இரண்டு பெண்கள் சேர்ந்து இட்லிக்கடை நடத்தும் தொடரை ஒரு வாசகி எழுதி அனுப்பினார், ஆறு பாகம். கயல் படித்து அதற்கு ஏகப்பட்ட ரசிகர்கள். இப்போது பாருங்கள்: வசந்தா ரீட்டாவின் கையைப் பிடிக்கிற இடத்தில் பொத்தானை அழுத்தினால், அதே குரல், ‘நெத்திலியைத் தலை கிள்ளி நன்றாக அலசிக்கொள்ளவும்.’ ஏஞ்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒன்று முடிந்தால் ‘இதே குரலில் அடுத்தது’ தானாக ஓடும்படியும் செய்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு மூளை இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

‘உறுப்பினர் ஆக என் நிஜப் பெயர் வேண்டுமா?’ என்று ஒரு மின்னஞ்சல். வேண்டாம் கண்ணு. பெயர், ஊர், சாதி, ஆதார் ஒரு மண்ணும் வேண்டாம். வந்து படி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏஞ்சல் தி. நகர் ஜவுளிக்கடையில் பில்லிங் பகுதியில் இருக்கிறாள். நேற்று கியூவில் நின்ற ஒரு அம்மா, போனில் சத்தமாக நெத்திலிக் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தாராம். கயல் குரல்! ‘எங்கேருந்து வந்துச்சும்மா?’ என்று கேட்டால், ‘வாட்சப்புல வந்துச்சு, எங்க தெரு முழுக்க இதான் ஓடுது’ என்றாராம்.

சமையல் பக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தேன். நூலகத்தைவிட அங்கேதான் ஜனம். ஒளிந்துகொள்ள வைத்த இடம் ஊருக்கே பிடித்துப்போய்விட்டது. இன்னும் பத்துக் குறிப்பு போடலாமா என்று கேட்டதற்கு ஏஞ்சல், ‘அன்பு, நீ நூலகம் நடத்துறியா, மெஸ் நடத்துறியா?’ என்றாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கயல் கூப்பிட்டாள். அந்தக் குழம்பு சுற்றிச் சுற்றி அவள் அம்மாவின் போனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. தேவானை அம்மா மீன் விற்கிறவர். முதல் வரியிலேயே மகளின் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். கோபமா என்றால் இல்லையாம், பெருமையாம். கடைக்கு வருகிற எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறாராம்.

‘ஒரு சமையல் கம்பெனிக்குப் பார்ட் டைமா படிக்கிறேன்னு சொல்லிட்டேன்க்கா. நீதான் அந்தக் கம்பெனி, சரியா?’ என்றாள். சரி என்றேன். சிரித்துக்கொண்டோம்.

பெயரை மாற்றினோம், பக்கத்தை மறைத்தோம். குரலை யார் மறைப்பது? தோன்றியது. தோன்றி, சுண்டல் சாப்பிடப் போய்விட்டேன்.

செப்டம்பர் 6, சனி

சமையல் பக்கத்தின் அடியிலும் நூலகத்தின் போன் எண் உண்டு. அதற்குத் தேவானை அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. ‘யம்மா, நான் பவளத்தோட... இன்னா பேரு வச்சுகீறீங்க, அந்தப் பொண்ணோட அம்மா பேசறேன். நல்லா படிக்கிறா. ஊட்டாண்ட வாயே தொறக்க மாட்டா. வேற இன்னா இன்னா படிச்சுகீறா, அனுப்பு.’

‘எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது அம்மா’ என்று பதில் பேசி அனுப்பினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கயல் கடையின் பின்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள். ‘அக்கா, அம்மா கேட்டுட்ச்சுக்கா. வசந்தா கதைய.’

‘இதே குரலில் அடுத்தது’!

பத்துக் குறிப்பும் முடிந்தால் அடுத்தது என்ன? கதை. கதையிலிருந்து சமையலுக்குப் போகிறதா என்று எத்தனை தடவை சோதித்தேன்! சமையலிலிருந்து கதைக்குப் போகும் என்று ஒரே ஒரு தடவை யோசித்தேனா? இல்ல. அன்பு, நீ பெரிய்ய புத்திசாலிடி. உன் தலைல இடி விழ.

தேவானை அம்மா செதில் சுரண்டிக்கொண்டே கேட்பாராம். கை ஈரம், போனைத் தொட முடியாது, அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. நேற்று கயல் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதில் ரீட்டா பேசிக்கொண்டிருக்கிறாள், கயலின் குரலில். மகளைப் பார்த்ததும் போனை நிறுத்திவிட்டாராம். எத்தனை நாளாகக் கேட்கிறாரோ தெரியாது. ஐப்பசியில் கயலை மாமா மகன் பாரத்துக்குக் கட்டிவைக்கப் பேசி முடிப்பதாக வேறு இருக்கிறார்கள்.

‘திட்டுனா கூட பரவாயில்லக்கா. இப்டி பாக்குது. எல்லாத்தையும் எடுத்துடு. உன்னாண்ட இருக்கறதையும் அழிச்சிடு. அண்ணன் காதுக்குப் போனா என்ன வெளிய தள்ளிடுவான். எனக்கு வேற எங்க எடம் கீது?’

எடுத்துவிட்டேன். ஆறு பாகமும், மற்ற கதைகளும், என்னிடமிருந்த மூலக் கோப்புகளும். சமையலை மட்டும் விட்டேன், அதையும் எடுத்தால் சந்தேகம் கூடும். ஒவ்வொன்றாக அழிக்கும்போது ஏஞ்சல் பக்கத்தில் நின்றாள். நான் அழுதேன். கோபத்தில் அழுதேன், என் மேல்.

செப்டம்பர் 12, வெள்ளி

தானாக ஓடுவதை நிறுத்தியாயிற்று. இனி எதுவும் யாரும் தொடாமல் ஓடாது.

செப்டம்பர் 20, சனி

வசந்தா–ரீட்டா எங்கே என்று ஒரே சண்டை. ஒருத்தர், ‘நீங்களும் பயந்து தணிக்கை செய்ய ஆரம்பித்துவிட்டீர்களா?’ என்று எழுதியிருக்கிறார். பொறுமையாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். பொறுமை வரவில்லை. ‘குரல் கொடுத்தவர் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டோம். இது அவருடைய குரல், என் சொத்து அல்ல, உங்கள் சொத்தும் அல்ல’ என்று அனுப்பினேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. கதையின் எழுத்து வடிவம் அப்படியே இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 4, சனி

கயலிடமிருந்து பேச்சே இல்லை. பாலவாக்கத்துக்கே போய்விடலாமா என்றேன். ‘போய்? நான்தான் அந்தக் கம்பெனின்னு மார்க்கெட்ல நிப்பியா?’ என்றாள் ஏஞ்சல். ‘நீ போய் நின்னா அவதான் இன்னும் மாட்டிப்பா. கொஞ்சம் சும்மா இரு தாயே.’ சும்மா இருப்பது எனக்கு வராத ஒரே வேலை.

அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானம் நூலக எண் அடித்தது.

‘அலோ, சமையல் கம்பெனியா?’

‘ஆமாம்மா.’

‘சும்மா கெட. நீ சமையல் கம்பெனி இல்ல. எனக்குத் தெரியும்.’

தேவானை அம்மா. திட்டு வரப்போகிறது, வாங்கிக்கொள்ளலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். வந்தது வேறு.

‘வசந்தாவ அவ அண்ணங்காரன் உள்ள வச்சு பூட்டிட்டான். ரீட்டா வந்து வாசல்ல நிக்கிது. அத்தோட போச்சு. மறுநாளு போட்டா ஒண்ணியும் காணோம், நெத்திலி கொயம்புதான் வருது. எத்தினி வாட்டி நெத்திலிய கேக்கறது? எனக்கு எயுத்து படிக்க வராது, கேக்கத்தான் வரும். மிச்சம் எங்க?’

நாலு பாகம் கேட்டிருக்கிறார். ஐந்தாவதுக்குக் காத்திருந்தபோது நான் அழித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

‘அது... எடுத்துட்டோம்மா.’

‘இன்னாத்துக்கு? நான் எடுக்கச் சொன்னேனா?’ பிறகு, குரல் இறங்கி, ‘என் பொண்ணு என் மூஞ்சயே பாக்க மாட்டேங்கறா. நானும் ஒண்ணு கேக்கல. இன்னான்னு கேக்கறது? நீ சொல்லு. அவளும் அந்த மாரியா?’

என்ன சொல்வது? ஆமாம் என்றால் கயலை நான் காட்டிக்கொடுத்ததாகும். இல்லை என்றால் பொய், அதுவும் அவளுக்குச் செய்கிற துரோகம். ‘கதை படிக்கிறவங்க எல்லாம்...’ என்று இழுக்கலாம். அதற்கும் மனது வரவில்லை.

‘அத நான் சொல்லக்கூடாதும்மா. கயல்தான் சொல்லணும்.’

‘ஓ’ என்றார். ‘அப்ப சொல்றதுக்கு ஒண்ணு கீது.’

ஐயோ! வாயைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு.

‘அம்மா,’ என்றேன், ‘கதையோட மிச்சமும் அவகிட்டதான் இருக்கு. அவள கேளுங்க. சத்தம் போடாம கேளுங்க.’

‘எனக்கு சொல்லித் தரியா நீ?’ என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்றே கயலுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அம்மா கூப்பிட்டார், இதைக் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன், மன்னித்துக்கொள். எந்த நேரமானாலும் கிளம்பி மந்தைவெளிக்கு வா, இங்கே இடம் இருக்கிறது என்றும் சேர்த்தேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஏஞ்சல் பரண் மேலிருந்த மெத்தையை இறக்கி வெயிலில் போட்டாள். இவளை நான் எப்படிப் பிடித்தேன்!

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஏஞ்சல் பத்து நாள் பில் போட்ட களைப்பில் தூங்குகிறாள், வெடிச் சத்தத்துக்கும் அசையவில்லை. புது உறுப்பினர்கள் நிறைய. ஒருத்தர், ‘பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாது, உங்கள் தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்’ என்று எழுதினார். அவருக்கு ஒரு நல்ல சிரிப்புக் கதை எடுத்து அனுப்பினேன். இந்த வேலையை நான் விடமாட்டேன், எவன் வந்தாலும். ஆனால் கயல்? ஒரு ‘ஹாய்’ போட்டால் குறைந்தா போய்விடுவாள்?

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஏஞ்சல் அவள் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கப் போயிருந்தாள். கயலிடமிருந்து இரண்டு ஒலிக்கோப்பு வந்தது. ஐந்தாம் பாகம், ஆறாம் பாகம். கூடவே ஒரு வரி: ‘ஏத்திடுக்கா. மத்தத அப்புறம் படிச்சு அனுப்பறேன்.’

கேட்டேன். முன்பெல்லாம் கிசுகிசுவென்று படிப்பாள். இது வீட்டுக்குள் ஒருத்தருக்குப் படித்துக்காட்டுகிற குரல். வசந்தா சுவர் ஏறிக் குதித்தாள். மறுபடி கடை போட்டார்கள். கதை முடிந்தது. முடிந்த பிறகும் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

‘அவ்ளோதானா?’ தேவானை அம்மா.

‘அவ்ளோதான்.’

‘அப்பால ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்துட்டாங்களா?’

‘ஆமாம்மா.’

‘நல்லா இருந்தாங்களா?’

‘நல்லா இருந்தாங்க.’

‘சரி. நல்லா இருந்தா சரி.’

உடனே கூப்பிட்டேன். கயல் எடுத்தாள். ‘அம்மாவே வந்து கேட்டுச்சுக்கா, நீயும் அந்த மாரியான்னு. ஆமான்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளு சோறு துன்னல, என்னாண்ட பேசல. மூணாம் நாளு வந்து, அந்த மிச்சத்த படி, ரீட்டா வாசல்ல நின்னுகினு கீதுன்னுச்சு.’ பாரத் பேச்சு? ‘தை வரைக்கும் வாணாம்னு மாமாவாண்ட சொல்லிட்ச்சு. நிறுத்திட்டேன்னு சொல்லல. தள்ளி வச்சுகீது.’ அண்ணனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அம்மா பார்த்துக்கொள்ளுமாம். நான் வேலைப் பேச்சுக்குத் தாவினேன்.

‘கடைசில அம்மா பேசுறது இருக்கு கயல். அதை வெட்டிட்டு ஏத்தறேன். மார்க்கெட்ல யாராவது கேட்டா, அவங்க குரலையும் கண்டுபிடிச்சுடுவாங்க.’

‘இரு,’ என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினாள். ‘ம்மா! நீ கடைசில பேசினத வெட்டிடலாமான்னு கேக்கறாங்க!’

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

‘இன்னாத்துக்கு வெட்றது? என் கொரலுக்கு இன்னா கொறச்சலாம்?’

வெட்டவில்லை. அப்படியே ஏற்றிவிட்டேன்.