மேற்கு மணலில் எலிகள் இல்லை

செப்டம்பர் 3
பாலைவனத்தின் மேற்கு மணலில் வைத்த பொறிகளில் இன்றும் குதியெலிகள்தான். நீண்ட காதும் குச்சிக் காலுமாக என்னை முறைக்கின்றன. பெரிய மணலெலி ஒன்றுகூட இல்லை. வசந்தத்தில் வளைக்கு வளை நின்று விசிலடித்தவை. இப்போது வளை வாய்களை மணல் மூடிக் கிடக்கிறது. கூட்டமாக ஊரைக் காலி செய்திருக்குமா என்ன? செத்திருக்கின்றன. பிளேக் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 4
வளைகளில் பிடித்த தெள்ளுப்பூச்சிகளை நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை யாரையும் இடம் மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது என்கிறது எங்கள் பிளேக் தடுப்பு ஆபீஸ்.

செப்டம்பர் 6
அண்ணன் தோலேகென் ஒட்டகங்களை அந்த மணலில்தான் மேய்க்கிறான். போய்ச் சொன்னேன். "எலி செத்ததுக்குத் துக்கம் கேக்க வந்தியா? உக்காரு, டீ குடி" என்று சிரித்தான். ஒட்டகம் வளைமேல் படுத்தால் தெள்ளு அதன்மேல் ஏறும், பிளேக்கும் ஏறும் என்றேன். "அப்ப எலி இல்லாத எடமா காட்டு, ஓட்டிட்டுப் போறேன். புல்லும் இருக்கணும்."

எங்கே புல்லோ அங்கேதான் எலியும். இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் படித்தேன்.

செப்டம்பர் 11
ஆய்வகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 13
ஐயோ, அண்ணன் என்ன காரியம் பண்ணிட்டான்! பெண் ஒட்டகம் ஒன்று காய்ச்சலில் படுத்துவிட்டதாம். தானாகச் செத்தால் கறி ஆகாது என்று, மூச்சு இருக்கும்போதே அறுத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு அனுப்பியிருக்கிறான். "அறுத்துட்டுப் பங்கு வைக்காம தின்னா நாங்க மனுஷங்களா?" என்று அண்ணி ஷைசாதா என்னிடமே சண்டைக்கு வருகிறாள். வெந்த கறிக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அண்ணன் கையில் அந்த ரத்தம் பட்ட கத்திக் கீறல் — ஏண்ணே, ஏண்ணே இப்படிப் பண்ணுனே?

செப்டம்பர் 15
அண்ணனுக்கு அக்குளில் கட்டி. என்னைக்கூட அடையாளம் தெரியாத காய்ச்சல். ஊசி போட்டார்கள், தாமதம் என்றார்கள். ஆய்வக முடிவும் இன்றுதான் வந்தது. பிளேக்.

செப்டம்பர் 18
அண்ணன் போய்விட்டான். உடலைக் குளிப்பாட்ட எங்களிடம் கொடுக்கவில்லை. முகமூடி போட்டவர்கள் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். என் ஆபீஸ் ஆட்கள்தான். வேறு யாராவது செத்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அக்டோபர் 2
நோய் பரவாமலிருக்க ஊரைச் சுற்றிக் கட்டிய கயிற்றை அவிழ்த்தார்கள். வேறு யாருக்கும் நோய் வரவில்லை.

அண்ணி மாவுப் பெட்டிக்கு அடியிலிருந்து உப்புப் போட்ட கறித்துண்டு ஒன்றை எடுத்தாள். "தங்கச்சி பங்குன்னு அவரே எடுத்து வச்சது. எல்லாத்தையும் எரிச்சாங்க. இத மட்டும் ஒளிச்சு வச்சேன். திட்டாத."

கையுறை மாட்டிக்கொண்டு வாங்கினேன். கொட்டகைக்குப் பின்னால் சக்சால் விறகை அடுக்கி, அதன்மேல் கறியை வைத்துக் கொளுத்தினேன். கொழுப்பு உருகி வாசனை வந்தது. வெட்கமில்லாமல் எனக்குப் பசித்தது.