துக்க வீட்டுச் சோறு

பிப்ரவரி 6, வியாழன்

மகன் முருகானந்தம் காலை பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டான். கருமாதிக்குத் திரும்ப வருவான். போகும்போது இந்த போனைக் கையில் கொடுத்தான். ஒரு இடத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். தேதியும் அதுவே போடுமாம். கொச்சையாகப் பேசினால் தப்பாக எழுதும், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்திப் பேசணும் என்றான். "பொழுது சாஞ்சா ஆத்தாகிட்ட ஊர்க்கதை பூராவும் சொல்லுவீங்கல்லப்பா. இனி இதுகிட்ட சொல்லுங்க."

எழுதினதை என்னால் படிக்க முடியாது. எனக்கு எழுத்து தெரியாது. செத்துப்போன என் பெண்சாதி காளியாயிக்கும் தெரியாது. அவளிடம் சொன்னதெல்லாம் எங்கே எழுதியா இருக்கிறது?

பூண்டு உரித்துக்கொண்டே சாய்ந்தாள். கையில் இருந்த பூண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. இன்னும் அங்கேதான் கெடக்கு. எடுக்கவில்லை.

அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பொன்னுவேல் வீட்டிலிருந்து சோறும் மொச்சைக் குழம்பும். நாலு வாய் தின்றேன். மண்ணைத் தின்றது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 8, சனி

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சாவு விழுந்த கேத வீட்டில் கருமாதி முடிகிற வரை அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு கொண்டுவருவார்கள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போக மாட்டார்கள். அந்த நேரம் வீட்டில் யார் இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வேண்டாம் என்று சொல்லப்படாது. கிளம்பும்போது 'போயிட்டு வாறேன்' என்றும் சொல்லப்படாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

இன்று சின்னக்கருப்பன் வீட்டு முறை. ஒரு குண்டான் சோறு. நான் ஒருத்தன். பார்த்துக்கொண்டே இருந்தேன். குழாயடியில், எனக்கு மகள் முறையாகிற சுகன்யாவின் பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவள் ஜெயப்பிரியா, நாலாம் வகுப்பு. தம்பி சண்முகராஜ், ஒண்ணாம் வகுப்பு. தாகத்துக்குக் குடிக்கிற குடி வேறு, வயிற்றை நிரப்பக் குடிக்கிற குடி வேறு. ஒருவன் எப்படிக் குடிக்கிறான் என்று தூரத்திலிருந்தே தெரியும்.

"சாப்பிட வாங்க."

"நாங்க சாப்புட்டோம் தாத்தா," என்றாள் பெரியவள்.

"கேத வீட்டுச் சோத்த வேணாங்கப்படாது தாயி."

யோசித்தாள். தம்பியைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தார்கள். சின்னவன் தலையைத் தூக்கவே இல்லை. எழுந்ததும், "போயிட்டு வா..." என்று தொடங்கினான். அக்காக்காரி அவன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் வந்தார்கள். கூட மேட்டுத்தெருப் பிள்ளைகளும். குண்டான் காலி.

பிப்ரவரி 10, திங்கள்

காலை பஸ்ஸில் இறங்கின சுகன்யா, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தாள். கையில் வேலை பார்க்கிற லாட்ஜின் பெயர் போட்ட பை.

"எம் பிள்ளைக சோத்துக்கு அலையுதுன்னு ஊரு பேசணுமா பெரியப்பா?"

"நான் பேசலையே தாயி."

"நாலு பேரு பாத்திருக்காகல்ல."

அவள் புருசன் கேரளாப் பக்கம் போனவன், ஆளே இல்லை. கொடைக்கானலுக்குச் சனி ஞாயிறுதான் கார் காராகக் கூட்டம் வரும். ரூம் கூட்ட, விரிப்பு துவைக்க அப்போதுதான் ஆள் வேண்டும். வெள்ளி சாயங்காலம் போனால் திங்கள் காலைதான் வரமுடியும். எங்கள் ஊரிலிருந்து நாலைந்து பெண்கள் அப்படிப் போகிறார்கள். மற்ற நாளில் பள்ளிக்கூடத்தில் காலையும் சோறு, மத்தியானமும் சோறு, ராத்திரிக்கு அம்மா. பள்ளிக்கூடம் பூட்டுகிற அந்த ரெண்டு நாள்தான் அம்மாவும் இல்லை.

"ஆக்கி வச்சுட்டுத்தான் போறேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வழிச்சுத் தின்னுருதுக. சின்னவன் கையச் சுட்டுக்கிட்டதுலேருந்து அடுப்பத் தொடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். என்னைய என்ன செய்யச் சொல்றீக?"

"கேத வீட்டுச் சோறு தாயி. அதுல யாருக்கும் மானக்கேடு கெடையாது."

நின்றாள். பேசாமல் போனாள். இந்த வீட்டை விட்டு யாரும் இப்போது சொல்லிக்கொண்டு போவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

கருமாதி முடிந்தது. மொட்டை போட்ட தலையில் குளிர் ஏறுகிறது. முருகானந்தம், "வீட்டப் பூட்டிட்டு எங்கூட வாங்கப்பா" என்றான். பார்ப்போம் என்றேன். சின்னக்கருப்பன் பெண்சாதி குண்டானைக் கழுவி எடுத்துக்கொண்டு, "நாளையிலேருந்து அடுப்பப் பத்த வச்சுக்கங்க மாமா" என்றாள்.

எப்படி? அதன் முன்னால் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரி 15, சனி

வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. நானே டீக்கடை பன்னில்தான் ஓட்டுகிறேன். டப்பாவில் கொஞ்சம் வறுக்கி கிடந்தது, கொடுத்தேன். ஜெயப்பிரியா வாங்கவில்லை.

"சும்மா பாக்கத்தான் வந்தோம் தாத்தா. கேதந்தான் முடிஞ்சிருச்சுல்ல."

எட்டுப் பிள்ளை வளர்ந்த வீட்டில் நான் ஆறாவது. வத்தலக்குண்டு மலைப்பாதை சரிந்து அரிசி லாரி ஏறாத வருசம், எங்கள் ஐயா கேப்பைக் கூழில் எத்தனை செம்பு தண்ணீர் ஊற்றினார், எந்தச் செம்பு, அதில் எந்தப் பக்கம் நசுங்கியிருந்தது, எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. அதை நினைத்தாவது நெஞ்சில் ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பிள்ளைகள் சரிவில் இறங்கிச் சின்னக்கருப்பனின் கேரட் தோட்டத்துப் பக்கம் போனார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று சாவடியில் கூட்டம். சின்னக்கருப்பன் ஒரு துண்டு நிறையக் கேரட் கொண்டுவந்து கொட்டினான். எல்லாம் பாதி கடித்தது.

"காட்டுமாடு எறங்குனா தழையோட முழுங்கிரும். பன்னின்னா காட்டையே உழுதுரும். இது ரெண்டு காலு மாடு," என்றான்.

பொன்னுவேலுக்கு வாய் சும்மா இருக்காது. "அம்மாக்காரிக்குக் கொடைக்கானல்ல சம்பாத்தியம், பிள்ளைகளுக்கு ஊர்ல மேச்சல்."

சுகன்யா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். முக்காட்டை இழுத்து விட்டாள். "வேலைய விட்டுர்றேன். இந்த வாரத்துலேருந்து போகலை," என்றாள். விட்டால் மற்ற நாளில் எதை வைத்து உலை வைப்பாள் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது.

"கேரட்ட நாந்தான் கடிச்சேன்."

சின்னக்கருப்பன் என்னைப் பார்த்தான். "மாமா. உங்க வாயில ஒத்தப் பல்லு இல்ல."

"ஈறு இருக்குல்ல."

கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக நின்றது.

"பசிச்சுது, புடுங்கித் தின்னேன். எனக்குத் துக்கம் இன்னும் முடியலடா. முடிஞ்சுதுன்னு ஆரு சொன்னா? அய்யரு சொன்னாரு, நீங்க சொன்னீக. நான் சொன்னேனா? எவள நெனச்சு நான் அந்த அடுப்புல தீய வைக்கிறது? முறைய எப்படிடா நிப்பாட்டுனீக எங்கிட்ட கேக்காம?"

கத்திவிட்டேன் போல. நாய் எழுந்து போனது.

"மத்த நாளு நான் பாத்துக்கிடுவேன். சனியும் ஞாயிறும் எனக்குத் தாங்கலை. அந்த ரெண்டு நாளு முறைச்சோறு கொண்டாங்க."

சின்னக்கருப்பன் கேரட்டை ஒவ்வொன்றாகத் துண்டில் திரும்ப அள்ளினான். தலையைத் தூக்காமலே கேட்டான்: "எத்தன ஆளுக்கு மாமா ஆக்கணும்?"

"எனக்கு இப்பப் பசி ஜாஸ்தி. ஏழெட்டு ஆளு பசி."

"சரி. வார சனி எங்க வீடு."

"ஞாயிறு எங்க வீட்டுலேருந்து வரும்," என்றான் பொன்னுவேல். சுகன்யா இருந்த பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 22, சனி

வந்தார்கள். ஜெயப்பிரியா எல்லாருக்கும் வைத்துவிட்டு என் தட்டிலும் வைத்தாள். "நீங்க தின்னாத்தான் நாங்க திம்போம். உங்க துக்கந்தான." தின்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. தின்றதாகக் கணக்கு.

மார்ச் 1, சனி

உருளைக்கிழங்கு. முட்டை.

மார்ச் 8, சனி

மழை. இருந்தும் சோறு வந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பொன்னுவேல் பெண்சாதியே தூக்கி வந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

கொடைக்கானல் பஜாரில் பூண்டுக் கடை வைத்திருக்கிற இப்ராம்சா வந்தான். அவன் வாப்பா காலத்திலிருந்தே எங்கள் பூண்டு அந்தக் கடைக்குத்தான். முறை வைக்கிற வீடுகளுக்கென்று ஜீப்பிலிருந்து ஒரு மூட்டை அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இறக்கினான்.

"கேதம் கேக்க வராம விட்டுட்டேன் கந்தவேலு. கேத வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"என்னத்த? நீ இன்னும் துக்கத்துல இருக்கன்னா? மேல்மலை பூராவும் தெரியும்யா. மன்னவனூர்லேருந்து ரெண்டு பேரு எங்கிட்ட அரிசி கேட்டுட்டாக, அவுகளுக்கும் துக்கம் தாங்கலையாம், வெள்ளிக்கிழமை வந்தா நெஞ்ச அடைக்குதாம்."

அவனுக்கு நோன்பு. பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஏலே, நோன்பாளி முன்னால இப்படியா ஒழப்பித் திங்கிறது?" என்றான். சண்முகராஜ் ஒரு தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தான். "கேத வீட்டுச் சோத்த வேணாங்கப்படாது பாய்."

இப்ராம்சா என்னைப் பார்த்தான். பையனைப் பார்த்தான். ஒரு பிடி சோற்றை உருட்டி, பேப்பரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "சாயங்காலம் நோன்பு தொறக்கையில மொத வாயி இதுதான்லே. சரியா?" என்றான். சட்டையில் எண்ணெய் ஊறிவிட்டது. ஜீப் ஏறும்போதும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனான். அவனுக்கும் இந்த வழக்கம் தெரியும்.

மார்ச் 25, செவ்வாய்

பொன்னுவேல் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"மாமா, கோவிச்சுக்கிடாதீக. அடுத்த செவ்வாய் மாரியாத்தா திருவிழாவுக்குக் காப்புக் கட்டணும். ஊருக்குள்ள ஒரு கேத வீடு தீராம இருக்கையில காப்புக் கட்டக் கூடாதுங்கறாக பெரியாளுக. நீங்க முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லணும்."

"சொன்னா?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "அதுக்கு மேல எனக்குத் தெரியல மாமா."

முருகானந்தமும் போனில் அதையேதான் சொல்கிறான். பூட்டிட்டு வாங்க, இங்க உங்களுக்கு என்ன சோலி. அடுத்த மாசம் சித்திரை லீவும் வந்துவிடும். அப்புறம் ரெண்டு நாள் கணக்கில்லை, எல்லா நாளும்தான் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். துக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னால் சுகன்யா பிள்ளைகளை அனுப்ப மாட்டாள். முடியவில்லை என்றால் சாமி கும்பிடு நின்றுபோகும்.

காளியாயி, நீ சாகாமலே இருந்திருக்கலாம். அதை இப்போதுதான் சொல்லத் தோன்றுகிறது.

மார்ச் 30, ஞாயிறு

சாவடியில் போய்ச் சொல்லிவிட்டேன். முடிஞ்சுது என்று. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காப்புக் கட்டினார்கள். கொட்டுச் சத்தம். வீட்டிலேயே படுத்திருந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சாயங்காலம் கிளாவரை பஸ் வருகிற நேரம். லாட்ஜுக்குக் கிளம்பின சுகன்யா இங்கே ஏறி வந்தாள். இடுப்பில் ஒரு படி அரிசி, முந்தியில் புளியும் மிளகாயும். அடுப்புப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"என்ன தாயி இது?"

"இந்தச் சனி எங்க வீட்டு முறை."

"கேதந்தான் முடிஞ்சிருச்சே."

"முடியட்டுமே. எல்லா வீடும் வச்சாக, எங்க வீடு இன்னும் வைக்கலையே. முறைன்னா முறைதான பெரியப்பா?" பஸ் ஹாரன் கேட்டது. பாதி இறங்கித் திரும்பினாள். "ஆக்க ஆளு இல்ல. நீங்கதான் ஆக்கணும். அரிசிய ரெண்டு தடவ களையுங்க. ஞாயித்துக்கிழமை சின்னக்கருப்பண்ணன் வீடு, மதினி சொல்லிட்டாக."

ஏப்ரல் 5, சனி

வெள்ளனே எழுந்து அடுப்பைக் கூட்டினேன். சாம்பல் காளியாயி அள்ளாமல் விட்டதுதான். விறகு பிடிக்கவே நேரமாகிவிட்டது. புகையில் கண்ணெல்லாம் தண்ணீர். புகைதான்.

ரசத்துக்குப் பூண்டு வேண்டும் என்று ஜெயப்பிரியா வாசலில் நின்று சொன்னாள். அடுப்புப் பக்கம் வர மாட்டாளாம், அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் கை விட்டேன். அங்கேதான் கெடந்தது. முளை விட்டிருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். அப்புறம் தட்டி ரசத்தில் போட்டேன்.

சோறு குழைந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. நாக்கில் வைத்த உடனே தெரிந்தது.

சண்முகராஜ் கையைக் கழுவிக் கால்சட்டையில் துடைத்தான். வாசற்படியில் நின்று அக்காவைப் பார்த்தான். அவள் அவன் வாயைப் பொத்தவில்லை.

"போயிட்டு வாறோம் தாத்தா."

"ம். நாளைக்கு வெரசா வாங்க."